பாலைவனத்து அங்காடியும் பாவாதமலையும்

அரபு நாட்டின் டுபாய் நகரிலே 2005 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு பேரங்காடிக்கு இபின் பதூதா என்னும் பழைய யாத்திரிகரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மொறொக்கோ நாட்டின் தஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றிவந்தவர் அவர். அவர் சென்ற வழியை நினைவூட்டுமாறு அவ்வங்காடி ஆறு முற்றங்களாக வகுக்கப்பட்டுள்ளது. அந்தலூசியா, தூனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனம் என்பன அவை. ஒவ்வொரு முற்றத்தின் கூரையும் தூணும் அவ்வந்நாட்டுச் சிற்ப முறையில் அமைந்தவை. இந்திய முற்றத்தின் நடுவே, யானையின் முதுகில் ஏற்றிய பழங்கால நீர்க்கடிகாரம் ஒன்றின் மாதிரி நிற்கிறது. துணிக்கடைக்கும் காலணிக்கடைக்கும் இடையே நடந்துகொண்டே ஒருவன் ஸ்பெயினிலிருந்து சீனம் வரை போய்விடலாம்.

இந்த ஆறு முற்றங்களில் இலங்கைக்கு முற்றம் இல்லை. ஆயினும் ஹட்டன் பகுதி மக்களுக்கு இபின் பதூதா அந்நியர் அல்லர். பௌத்தர் ஸ்ரீ பாதம் என்றும், சைவர் சிவனொளிபாதமலை என்றும், இஸ்லாமியர் பாவாதமலை என்றும் போற்றும் மலைமீது ஏறியவர் அவர். ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று இன்று இலட்சக்கணக்கான யாத்திரிகர் ஏறுகின்ற மலையும் அதுவே.

அவர் இலங்கைக்கு வந்தது 1344 ஆம் ஆண்டில். மாலைதீவில் காதியாராகக் கடமையாற்றிவிட்டு, அங்கிருந்து கப்பலேறி மேற்குக் கரையிலே பத்தாலா என்று அவர் குறிப்பிடும் துறையில் இறங்கினார். இன்றைய புத்தளமே அது என்பர் ஆராய்ச்சியாளர். அப்பொழுது அங்கே இருந்தவன் யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழியறிந்த அவ்வரசன், தன் கடலில் எடுத்த முத்துக்களை விருந்தினருக்குக் காட்டினான். வேண்டுவது யாது என அவன் வினவியபொழுது, ஆதமின் அடிச்சுவட்டைக் காணவேண்டும் என்பதே தமது விருப்பம் என்றார் யாத்திரிகர். அரசன் பல்லக்கு ஒன்றைக் கொடுத்தான். நான்கு யோகியரையும் மூன்று அந்தணரையும் வேறு பத்துப் பேரையும் துணையாக்கினான். அவர்களோடு, உணவுப் பொருள்களைச் சுமந்து செல்லப் பதினைந்து ஆட்களும் புறப்பட்டார்கள்.

அப்பதினைந்து பேரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்த பெருமை இபின் பதூதாவைச் சேரும். வேறொரு செய்தியையும் அவர் கண் தவறவிடவில்லை. பாரசீக வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கும் இடத்தில், கிடைப்பதில் ஐந்திலொரு பங்கு அரசனுக்கு உரியது என்றும், எஞ்சியதைப் படகிலேயே இருக்கும் வணிகர் வாங்குவர் என்றும், அவ்வணிகருட் பெரும்பாலோர் குளிப்பவனுக்கு ஏற்கெனவே கடன் கொடுத்தவர்கள் என்றும் அவர் கூறுகிறார். ஆகவே மூச்சையடக்கிக் கடலடியில் இறங்கியவன் மேலே கொண்டுவந்த முத்து, அவன் கையில் நில்லாமல் கடன் கணக்கிலே கழிந்தது. அங்காடி நகரங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர்க்கு இந்த ஒரு குறிப்பு நல்ல திறவுகோல் ஆகும்.

டுபாயின் வரலாறும் முத்திலிருந்தே தொடங்குகிறது. 1833 ஆம் ஆண்டிலே பனியாஸ் குலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 800 பேர் அபுதாபியை விட்டு நீங்கி, கடல் உள்ளே புகுந்து கிடக்கும் ஓர் உப்பங்கழியின் வாயிலில் குடியேறினர். அவர்களுக்கு வயல் இல்லை, ஆறு இல்லை, மழையும் அரிது. கடலும் கழியுமே அவர்களுடைய முதல். 1894 ஆம் ஆண்டில் ஆட்சியாளர் வெளிநாட்டு வணிகருக்கு வரிவிலக்கு அளித்தார். அடுத்த சில ஆண்டுகளில், எதிர்க்கரையிலுள்ள பாரசீகத் துறையாகிய லிங்காவில் சுங்கவரி ஏறியது. அங்கிருந்த வணிகர் பலர் தம் கடைகளைக் கட்டிக்கொண்டு டுபாய்க்கு வந்தனர். இந்திய வணிகரும் வந்தனர். இந்திய ரூபாவே பல காலம் அங்குப் பணமாக வழங்கியது. 1959 ஆம் ஆண்டில் வளைகுடாவுக்கெனத் தனி ரூபா நோட்டையே இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்டு வெளியிட்டது.

ஆயினும் அந்நகரின் செழிப்புக்கு அடியிலே பழைய கடன் முறை கிடந்தது. முத்துப் படகில் ஏறுமுன் குளிப்பவன் முன்பணம் பெறுவான். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கையில் முன்பணம் தீராது. அடுத்த ஆண்டும் அதே படகில் அவன் போகவேண்டும். தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழும் வழக்கமும் அக்கரையில் இருந்தது. பின்னர், யப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் தொடங்கிய வளர்ப்பு முத்துத் தொழில் உலகச் சந்தையைப் பிடித்தது. 1929 ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் கூடியது. வளைகுடாவின் முத்து வணிகம் வீழ்ந்தது.

ஒரே பொருளை நம்பிய அங்காடி எவ்வாறு அழியும் என்பதற்கு வளைகுடா வரை போகவேண்டுவதில்லை. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி என்னும் வறண்ட மணற்கரை இருக்கிறது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில், சில கிழமைகளுக்குள் அங்கே ஒரு நகரமே எழும். கச்சேரி, நீதிமன்றம், வைத்தியசாலை, கடைவீதி யாவும் ஓலையாலும் மரத்தாலும் அமையும். தமிழகத்துக் கரையிலிருந்தும், வளைகுடாவின் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் வருவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளிப்பவருக்கு. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அரசாங்கம் அப்படுகைகளை ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சிறிது காலத்துக்குள் சிப்பி அற்றுப்போயிற்று, கம்பனியும் கலைந்தது. நகரம் இருந்த இடத்தில் மணலே எஞ்சியது.

டுபாய் அவ்வாறு அழியாததற்குக் காரணம், அது முத்தை இழந்தபின்பும் வழியை இழக்கவில்லை என்பதே. மணல் தூர்ந்துவந்த உப்பங்கழியை ஆழப்படுத்த, 1958 இல் ஆட்சிக்கு வந்த ஷேக் றாஷித் குவைத்திடம் கடன் பெற்றார். 1961 ஆம் ஆண்டளவில் அவ்வேலை நிறைவேறியது. 1960 இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1966 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அண்டையிலுள்ள அபுதாபியோடு ஒப்பிட்டால் அவ்வெண்ணெய் சொற்பம். அது வற்றும் நாளை முன்னரே எண்ணிய ஆட்சியாளர், வந்த பணத்தைத் துறைமுகத்திலும் சாலையிலும் இட்டனர். 1971 டிசம்பர் 2 ஆம் நாள் ஐக்கிய அரபு இராச்சியம் உருவாயிற்று. 1972 இல் றாஷித் துறைமுகமும், 1979 இல் ஜெபல் அலித் துறைமுகமும், 1985 இல் அதனை அடுத்துச் சுதந்திர வர்த்தக வலயமும் வந்தன. 1968 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 59,000 பேர் வாழ்ந்த ஊரில் இன்று 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார்.

இவ்வாறு வளர்ந்த நகரிலேதான், ‘மோல்’ என்று இக்காலத்தார் வழங்கும் பேரங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1981 இல் அல் குறைர் நிலையம் திறக்கப்பட்டது. 1996 இல், பொருள் வாங்குவதையே திருவிழாவாக்கி ஆண்டுதோறும் கொண்டாடும் வழக்கம் தொடங்கியது. 2005 இல் திறந்த வேறோர் அங்காடியிலே, கூரைக்கு உள்ளேயே ஏறக்குறைய 85 மீற்றர் உயரத்துக்குப் பனிமலை ஒன்று கட்டப்பட்டது. வெளியிலே வெயில் நாற்பது பாகையைத் தாண்டி எரிகையில், உள்ளே உறைநிலைக்குக் கீழான குளிரில் மக்கள் பனியில் சறுக்கி விளையாடுகின்றனர். 2008 நவம்பரில் திறந்த டுபாய் மோலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் உள்ளன. அங்கே ஒரு கோடி லீற்றர் நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் சுறாக்களும் திருக்கைகளும் உலாவுகின்றன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வருகைகள் அங்கே கணக்கிடப்பட்டன. அதன் அருகே 828 மீற்றர் உயரமுள்ள கோபுரம் நிற்கிறது. மனிதன் கட்டியவற்றுள் அதனினும் உயர்ந்தது இன்று உலகில் இல்லை.

இவற்றைக் கண்டு வியத்தல் தவறன்று. வியப்புக்கு உரியவற்றை வியவாதிருத்தல் அறிவும் அன்று. தமிழர் பழைய நாளிலேயே அங்காடியைப் போற்றியவர். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலே வேற்றுநாட்டார் கலந்து வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பல மொழி பேசுவோர் ஓரிடத்தில் அச்சமின்றிக் கூடிப் பொருள் மாற்றிக்கொள்வது நாகரிகத்தின் அடையாளங்களுள் ஒன்று. ஆனால் கடையின் ஒளியை மட்டும் காண்பவன் நகரத்தின் பாதியைத்தான் காண்கிறான். மறுபாதி கணக்கேட்டில் இருக்கிறது.

அந்தக் கணக்கேட்டின் ஓர் ஏடு 2009 நவம்பரில் உலகத்தின் முன் திறந்தது. டுபாய் அரசுக்குரிய பெரிய நிறுவனம் ஒன்று, தன் கடனைத் தவணையில் செலுத்த இயலாது, காலம் வேண்டும் என்று கேட்டது. உலகப் பங்குச் சந்தைகள் அதிர்ந்தன. டிசம்பரில் அபுதாபி ஆயிரம் கோடி டொலர் கொடுத்து உதவிற்று. 2010 சனவரி 4 ஆம் நாள் உயர்ந்த கோபுரம் திறக்கப்பட்டபொழுது, அதுவரை டுபாயின் பெயரால் ‘புர்ஜ் டுபாய்’ என்று வழங்கிய அதற்கு, அபுதாபி ஆட்சியாளராகிய ஷேக் கலீபாவின் பெயர் இடப்பட்டது. நகரத்துக்குக் கடன் முற்றினால் தவணை கிடைக்கிறது, உறவினர் கை கொடுக்கின்றனர், பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்நகரைக் கட்டிய தொழிலாளிக்குக் கடன் முற்றினால் யார் தவணை கொடுப்பார்?

இவ்வினாவின் பொருளை மலைநாட்டார்க்கு விளக்கிக் கூறவேண்டுவதில்லை. ஹட்டனும் ஒரு காலத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் எழுந்த அங்காடி நகரமே. ஸ்கொத்லாந்திலுள்ள ஓர் ஊரின் பெயரைத் துரைமார் இங்குக் கொண்டுவந்து இட்டனர். கோப்பிப் பயிரை நோய் அழித்தபின் தேயிலை பரவிற்று. 1884 ஆம் ஆண்டிலே புகையிரதம் ஹட்டன் வரை வந்தது. அதற்கப்பால் சிங்கமலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகப் பாதை கொட்டகலைக்குச் சென்றது. 1888 இல் தோட்டங்களின் பணத்தேவையைக் கருதி ஐரோப்பியர் இருவர் இங்கு ஒரு வங்கியைத் தொடங்கினர். இந்நாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்று இன்றும் ஹட்டனின் பெயரைத் தாங்கி நிற்பது அதனாலேயே. டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டங்களுக்கெல்லாம் ஹட்டன் கடைவீதியே சந்தையாயிற்று. சம்பள நாளிலும் தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாள்களிலும் அத்தெருவில் காலடி வைக்க இடம் இருப்பதில்லை.

இந்நகரை உண்டாக்கிய தொழிலாளர், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். முத்துக்குளிப்போர் வந்திறங்கிய அதே மன்னார்க் கரையில் அவர்களுள் பலர் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவர் தோட்டத்தை அடையும்பொழுதே கடனாளிகளாக அடைந்தனர். கப்பற்செலவும் வழிச்செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருந்தன. தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர்களுடைய கடன் தொகையைக் குறித்த ஒரு ‘துண்டு’ எழுதப்படும். அத்தொகையைச் செலுத்தும் புதிய தோட்டம் அவர்களைப் பெற்றுக்கொள்ளும். மனிதன் இடம் மாறினான்; கடன் அவனோடு மாறிற்று. வளைகுடாவின் முத்துப் படகில் இருந்த கணக்குக்கும் இத்துண்டுக்கும் எழுத்து வேறே தவிரப் பொருள் வேறன்று.

அவ்விரு கணக்குகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அசைக்கப்பட்டன. இலங்கையில் 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. பஹ்ரைனிலும் 1920களில், குளிப்பவன் ஒவ்வொருவனுக்கும் அவன் கணக்கைக் காட்டும் புத்தகம் கொடுக்கவேண்டும் என்று சீர்திருத்தம் செய்யப்பட்டது. இவை தாமே கனிந்து வீழ்ந்த கனிகள் அல்ல. கேட்டவர் இருந்ததனால் வந்தவை.

இன்று ஹட்டனிலிருந்தும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலர். உறவினரைக் காணவும் அங்காடிகளைப் பார்க்கவும் செல்வோர் சிலர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் செல்வோரே மிகுதி. அவர்கள் அனுப்பும் பணத்தால் லயத்து வீட்டுக்குப் புதுக் கூரை வந்ததும், பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை படித்ததும் கண்கூடு. அதே வேளையில், முகவருக்குக் கொடுக்க நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புறப்படுவோரும் உண்டு. அவர்கள் விமானத்தில் ஏறும்பொழுதே பழைய துண்டு அவர்களோடு ஏறிவிடுகிறது.

ஆயினும் இக்காலத்துத் தொழிலாளிக்கு, அவர் பாட்டனாருக்கு இல்லாத சில கருவிகள் உள்ளன. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. உரிமம் பெற்ற முகவர் யார், ஒப்பந்தம் யாது என்று அங்கே கேட்டறியலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்று விதிக்கிறது. வீட்டு வேலையாளருக்கு 2017 இல் தனிச் சட்டம் பிறந்தது. 2022 இல் அது புதுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அவர்களுடைய உரிமை. சூன் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை, உச்சி வெயில் நேரத்தில் திறந்த வெளியில் வேலை வாங்குவதும் தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்காடியைப் பார்க்கச் செல்வோருக்கு உரிய சுற்றுலா அனுமதியைக் கொண்டே பெண்களை வேலைக்கு அனுப்பி இடருக்கு உள்ளாக்கிய செய்தி, 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. சுற்றுலா அனுமதியில் செல்பவருக்கு ஒப்பந்தமும் இல்லை. பணியகத்தின் பதிவும் இல்லை. சட்டத்தின் வாயிற்கதவைத் தட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லாது போகிறது.

ஆகையால், அயல்நாட்டுக்குப் புறப்படும் பிள்ளைக்கு ஹட்டனிலுள்ள பெற்றோரும் ஆசிரியரும் சொல்லத்தக்கது இது. ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் படித்துக் கேட்டபின் கையெழுத்திடுக. அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்க. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பற்றுச்சீட்டோடு எழுதி வைக்க. துண்டின் காலத்திலே கணக்கு எழுதும் கோல் ஒருவர் கையில் மட்டும் இருந்தது. தொழிலாளி எழுத்தறியாதவராக இருந்தார். இன்று தோட்டந்தோறும் பள்ளிக்கூடம் உண்டு. எழுத்தறிந்த தலைமுறை தன் கணக்கைத் தானே எழுதவேண்டும்.

பார்க்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பனிமலையையும் மீன்தொட்டியையும் வானளாவிய கோபுரத்தையும் நன்கு பார்த்து மகிழ்க. பின்னர், இரவு அங்காடி மூடும் வேளையிலே தரையைத் துடைப்பவரிடமும், உணவுச்சாலையில் கோப்பை எடுப்பவரிடமும் எந்த ஊர் என்று கேட்க. தலவாக்கலை என்றோ, திருநெல்வேலி என்றோ, நேபாளத்தின் ஒரு மலைக்கிராமம் என்றோ விடை வரலாம். பாவாதமலைக்கு உணவு சுமந்த பதினைந்து பேரின் பெயரை இபின் பதூதா கேட்டு எழுதவில்லை. அவர் பெயரைத் தாங்கிய அங்காடிக்குச் செல்லும் ஹட்டன் யாத்திரிகர், அங்கே பணிசெய்யும் ஒருவருடைய பெயரையேனும் கேட்டறிந்து வருவாராயின், அப்பயணம் பயனுள்ள பயணம் ஆகும்.